அல்சர் இல்லைங்க, இது வேற

என் நோயின் பெயரைச் சொன்னால் முதல் வார்த்தையோடு காது மூடிக்கொள்கிறது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பேன். "அல்சரா? நேரா நேரத்துக்குச் சாப்பிட்டா இதெல்லாம் வருமா?" என்பார்கள். பெரியம்மா ஒரு கட்டு மணத்தக்காளிக் கீரையோடு வந்துவிட்டார். இது இரைப்பையில் வரும் புண் இல்லை பெரியம்மா, பெருங்குடலின் உள்தோல் வீங்கிப் புண்ணாவது, ஆசனவாய்ப் பக்கம் தொடங்கி மேலே ஏறுவது என்று விளக்கினேன். "எல்லாம் வயிறுதானேப்பா" என்றார். கீரை நன்றாகத்தான் இருந்தது.

2017 ஆடியில் தொடங்கியது. ரத்தத்தைப் பார்த்ததும் மூலம் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். பக்கத்து டாக்டரும் அதையே சொல்லிக் களிம்பும் இசப்கோலும் எழுதிக் கொடுத்தார். அப்புறம் கருணைக்கிழங்கு லேகியம், துத்தி இலை. எட்டு மாதம் இப்படியே ஓடியது. மலத்தோடு சளியும் ரத்தமும் கலந்து வந்ததையும், ராத்திரி ரெண்டு மணிக்கு வயிறு முறுக்கி எழுப்பிவிட்டதையும் நான் டாக்டரிடம் சொல்லவே இல்லை. அவரும் கேட்கவில்லை. கூச்சம்தான், வேறென்ன. இந்த ரெண்டு விஷயத்தைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே மேற்கொண்டு பார்த்திருப்பார்கள் என்று பிற்பாடு வேறொரு டாக்டர் சொன்னார்.

எனக்கு வேலை எழும்பூரில், வீடு செங்கல்பட்டில். மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். விடிகாலை மூன்றரைக்கே எழுந்து நாலு தடவை போய்விட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ரயிலேறுவேன். எந்த ஸ்டேஷனில் கழிப்பறை எந்தக் கோடியில் இருக்கிறது, எது பூட்டியே கிடக்கும் என்பதெல்லாம் மனப்பாடம். பையில் எப்போதும் ஒரு பேன்ட் இருக்கும். ஒரு நாள் அதுவும் தேவைப்பட்டது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.2 என்று வந்தபிறகுதான் குடல் டாக்டரிடம் போனேன். ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பதுதான் கொலனோஸ்கோபி. அந்தப் பெயரைச் சொன்னதும் எல்லோரும் குழாயை நினைத்துப் பயப்படுகிறார்கள். குழாய் ஒன்றுமே இல்லை, ஊசி போட்டதும் தூங்கிவிட்டேன். கஷ்டமெல்லாம் குடலைச் சுத்தம் செய்ய முதல் நாள் ராத்திரி குடிக்கிற அந்த மருந்துத் தண்ணீர்தான். உப்பும் எலுமிச்சை வாசனையும் கலந்து, ஆறிப்போன ஏதோ ஒரு ரசம் மாதிரி இருந்தது. முதல் லிட்டர் இறங்கிவிட்டது, ரெண்டாவது லிட்டர் தொண்டையிலேயே நின்றது. என் மனைவி அதை ஃபிரிட்ஜில் வைத்து, ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு எப்படியோ இறங்கியது. போகப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த ஒன்றுதான்: ஜில்லென்று வைத்து, ஸ்ட்ராவில் குடியுங்கள்.

சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதித்தார்கள். குடலில் டிபி வந்தாலும் சில சமயம் இப்படி இருக்குமாம், அது இல்லை என்று உறுதியாகும்வரை பத்து நாள் காத்திருந்தோம். பிறகு மெசலமின் மாத்திரை, தினமும் 2.4 கிராம். ராத்திரி படுக்கும்போது அதே மருந்து எனிமாவாக. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, மருந்தை உள்ளே செலுத்தி, விடியும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். முதல் வாரம் பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. புண் ஆற ஆற, தானாகவே தங்கியது. ஆறு வாரத்தில் ரத்தம் நின்றது.

அப்புறம்தான் என் புத்தி வேலை செய்தது. ஒரு வருடம் நன்றாக இருந்தேன். கல்யாண வீட்டில் வத்தக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. சரியாகிவிட்ட வியாதிக்கு எதற்கு மாத்திரை என்று நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. நாலாவது மாதம் எல்லாம் திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக. நாளைக்குப் பன்னிரண்டு தடவை. மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்று ஒரு டெஸ்ட் எடுப்பார்கள், குடலில் வீக்கம் இருக்கிறதா என்று அது காட்டும். 50-க்குள் இருக்க வேண்டியது எனக்கு 1,100. டாக்டர் திட்டவில்லை. "பாதிப் பேர் இதைத்தான் செய்றாங்க. நல்லா இருந்ததே மாத்திரையாலதான்" என்றார். திட்டியிருக்கலாம்.

ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, 40 மில்லிகிராமில் ஆரம்பித்து வாரம் 5 குறைத்து, எட்டு வாரம். சட்டென்று நிறுத்தவே கூடாது என்று சீட்டில் அடிக்கோடு போட்டிருந்தார். ரத்தம் ஒரே வாரத்தில் நின்றது, ஆனால் முகம் பூசணிக்காய் ஆனது. தூக்கம் போனது. ராத்திரி ஒரு மணிக்குப் பழைய சோற்றைத் தேடிச் சமையலறையில் நின்றிருக்கிறேன். ஆபீசில் "சார் நல்லா பூசினாப்பல ஆயிட்டீங்க" என்றார்கள்.

அந்த வாரம்தான் மேனேஜர் மேடத்திடம் போய் உள்ளதைச் சொன்னேன். ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன், ரெண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கழிப்பறைக்குப் பக்கத்து மேஜைக்கு மாற்றினார், ஷிஃப்டைப் பத்து மணிக்குத் தள்ளினார். ரெண்டு வருடமாக நான் பயந்துகொண்டிருந்த பேச்சு இது.

சாப்பாடு பற்றி ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். எனக்குப் படிந்தது இதுதான்: வயிறு கெட்டிருக்கும் நாளில் குழைந்த சோறு, மோர், இட்லி, தோல் சீவி வேகவைத்த காய். கீரை, பச்சைக் காய், கொண்டைக்கடலை எல்லாம் தள்ளி. நன்றாக இருக்கும் நாளில் எல்லாம் உண்டு, பால் காபி தவிர. அது எனக்கு மட்டும்தான் ஆகாது, இதே நோயுள்ள இன்னொருவர் நாளைக்கு மூன்று குடிக்கிறார். முட்டி வலி என்று டைக்ளோஃபெனாக் ஊசி மட்டும் போட்டுக்கொள்வதில்லை, அந்த வகை வலி மருந்து நோயைக் கிளப்பிவிடலாம். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாக இதைச் சொல்லிவிடுகிறேன்.

நோய் தொடங்கி எட்டு வருடம் ஆனால், அறிகுறி இல்லாவிட்டாலும் குடலை ஒரு முறை உள்ளே பார்த்துவிட வேண்டுமாம், புற்றுநோய்க்கான தடம் ஏதும் இருக்கிறதா என்று. எனக்கு 2025-இல் எட்டு முடிந்தது. தேதி வாங்கிக்கொண்டு வந்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "ஸ்ட்ரா இருக்கா, வாங்கணுமா?"