உச்ச வேகம்

போன மாதம் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அன்று ராத்திரி நீ சொன்னதை இன்னும் நினைத்துக்கொள்வேன் ப்ரோ. அந்த ஆகஸ்ட் முழுக்க எனக்குத் தூக்கமே கிடையாது. அன்று ஒரு நாள்தான் படுத்ததும் தூங்கினேன்." கூடவே ஒரு வீடியோ. இப்போது டெக்சாஸில் ஒரு பள்ளியில் பையன்களுக்கு அமெரிக்கக் கால்பந்தில் கார்னர்பேக் ஆட, அதாவது பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவரைத் தடுக்க, கற்றுக்கொடுக்கிறான். பதினாறு வயதுப் பையன் ஒருவன் திரும்பி ஓடுவதைப் படம்பிடித்து அனுப்பி, பார்த்துச் சொல்லச் சொல்லியிருந்தான்.

நன்றி சொல்லி வந்த செய்திதான். ஆனால் அதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

அன்று நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அதில் பொய் இல்லை. இதை எத்தனை முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

ஆகஸ்ட் கடைசி வாரம் அது. அணியின் பயிற்சி முகாமில் 90 பேர் இருந்தார்கள், செவ்வாய்க்கிழமை மாலைக்குள் 53 ஆக வேண்டும். ஞாயிறு ராத்திரி ஒன்பது மணி இருக்கும். சாப்பாட்டுக் கூடத்தில் யாருமில்லை. வலது முழங்காலில் ஐஸ் பையை வைத்து பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். எதிரே தட்டில் சிக்கனும் சோறும் அப்படியே இருந்தன. நான் காபி எடுக்கப் போனவன்.

"என் நம்பர்களைப் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"கால் போய்விட்டதா?"

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அப்புறம் சொன்னேன்: "உன் உச்ச வேகம் போன வருஷம் எவ்வளவோ, இந்த வருஷமும் அவ்வளவுதான்."

மூச்சை விட்டான். "போதும். எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான்.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு அவனுக்கு ஆள் அனுப்பி, ஐபேடையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். ஐபேடைக் கேட்டால் என்ன அர்த்தம் என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆட்டத் திட்டங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

நான் அந்த அணியின் தரவுப் பிரிவில் இருந்தேன். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். ஆட்டங்களில் ஒவ்வொருவர் தோள் கவசத்துக்குள்ளும் சின்னச் சில்லுகள் இருக்கும். ஆள் எங்கே இருக்கிறான், எந்தப் பக்கம் பார்க்கிறான், எவ்வளவு வேகமாகப் போகிறான் என்று நொடிக்கு 10 முறை பதிவாகும். பயிற்சியின்போது முதுகில் மாட்டும் கருவி தனி. எனக்கு ஆட்டக்காரர்கள் என்றால் திரையில் ஓடும் புள்ளிகள். அவனுடைய புள்ளியை இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயரைப் பார்க்காமலே ஓடும் விதத்தை வைத்து இது அவன் என்று சொல்லிவிடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முகாமின் மொத்தக் கணக்கையும் முடித்திருந்தேன். உச்ச வேகம் மாறவில்லை, அது உண்மை. மாறியிருந்தது வேறொன்று.

கார்னர்பேக் வேலையில் எப்போதும் ஒரு அநியாயம் உண்டு. எதிரே நிற்கும் ரிசீவருக்குத் தான் எங்கே போகப்போகிறோம் என்று தெரியும், இவனுக்குத் தெரியாது. அவன் முன்னோக்கி ஓடுவான், இவன் பின்னோக்கி ஓட வேண்டும். 1978 முதல், தொடக்கக் கோட்டிலிருந்து 5 கெஜம் தாண்டினால் ரிசீவர் மேல் கைவைத்துத் தடுக்கவும் கூடாது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் மெல் பிளவுன்ட் ரிசீவர்களைப் படுத்திய பாட்டில் வந்த விதி என்பதால் அவர் பெயராலேயே அதைச் சொல்வார்கள். கையை எடுத்துவிட்டால் கார்னருக்கு மிஞ்சுவது இடுப்புதான். பின்னோக்கி ஓடிக்கொண்டிருப்பவன், ரிசீவர் வேகமெடுத்த கணத்தில் இடுப்பைத் திருப்பி, நிற்காமல் முன்னோட்டத்துக்கு மாற வேண்டும். அதில் ஒரு அடி பிந்தினால் பந்து வந்து சேரும்போது இரண்டு கெஜம் பிந்தியிருப்பான். பிறகு எவ்வளவு வேகமாக ஓடினாலும் பிரயோசனமில்லை, கோல் கோட்டைத் தாண்டி டச் டவுன் போட ஓடுகிறவனைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு வரலாம்.

அவன் வலப்பக்கம் திரும்புவது எப்போதும்போல இருந்தது. இடப்பக்கம் மட்டும் தாமதம். எல்லா நாளும் இல்லை, முகாமின் இரண்டாம் வாரத்திலிருந்து.

வயதானால் இரண்டு பக்கமும்தான் மெதுவாகும். ஒரு பக்கம் மட்டும் மெதுவானால் அங்கே எதுவோ வலிக்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஒன்றும் பெரிய படிப்பு வேண்டாம். எனக்கு அன்று மத்தியானமே புரிந்தது. அறிக்கையின் மூன்றாவது பக்கத்தில் இடம், வலம் என்று பிரித்து ஒரு வரைபடமும் போட்டேன். முதல் பக்கத்தில் இரண்டையும் சேர்த்த சராசரி இருந்தது. முதல் பக்கத்து அட்டவணை எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒரே அச்சு, அதில் ஒரு கட்டத்துக்கு ஒரு எண்தான். அந்த எண் சொன்னது: போன வருஷத்தைவிட மெதுவாகத் திரும்புகிறான்.

கோச்சுகளுக்கு அந்த வாரம் நேரமே கிடையாது, மூன்றாவது பக்கம் வரை போகமாட்டார்கள். எனக்கும் அது தெரியும். ஆனால் எழுதியிருந்தேன்தானே? எழுதியிருந்தேன்.

அந்த ராத்திரி நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என்னிடம் காரணங்கள் உண்டு. எல்லாமே நல்ல காரணங்கள்தான்.

முதலில் எங்கள் பிரிவின் விதி. எண்கள் கோச்சுகளுக்கு, ஆட்டக்காரர் கேட்டால் கோச்சிடம் அனுப்ப வேண்டும். அப்படிப் பார்த்தால் நான் அந்த ஒரு வாக்கியத்தைக்கூடச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னது இரக்கத்தில்.

அப்புறம், கார்னரிடம் போய் நீ மெதுவாகிவிட்டாய் என்று சொல்லவே கூடாது என்பது கார்னர்களுக்குப் பயிற்சி தரும் எங்கள் டிஃபென்ஸிவ் பேக் கோச் தினமும் பாடும் பாட்டு. இந்த இடத்தில் ஆடுகிறவன் எண்பதாயிரம் பேர் முன்னால் தோற்றுவிட்டு, அரை நிமிஷத்தில் அதே ஆளுக்கு எதிரே போய் நிற்க வேண்டும். மறதி வேண்டும், தன்மேல் நம்பிக்கை வேண்டும். தூங்காத மனுஷனிடம் போய் உன் இடுப்பு திரும்பவில்லை என்று சொல்லி, மறுநாள் பயிற்சியில் அவன் அதையே நினைத்துக்கொண்டு தடுமாறினால் அந்தப் பழி யாருக்கு?

இப்படி எழுதும்போது எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் அவன் கேட்டது "நான் வேகமாக ஓடுகிறேனா?" என்றல்ல. "கால் போய்விட்டதா?" என்றுதான். அந்தக் கேள்விக்கு நேர்பதில் என்னிடம் இருந்தது. போகவில்லை, ஆனால் இடது பக்கம் எதுவோ இருக்கிறது, உடனே போய்க் காட்டு. சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்கும். உச்ச வேகம் என்ற சொல்லை அவன் கேட்கவில்லை, நான்தான் தேடி எடுத்தேன். உண்மையாகவும் இருக்க வேண்டும், அவனுக்கு வலிக்கவும் கூடாது, எனக்கும் சிக்கல் வரக்கூடாது. மூன்றுக்கும் பொருந்துகிற சொல் அது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன் என்றேனே, அந்த நேரத்தில் நான் செய்துகொண்டிருந்தது அந்தத் தேடல்தான்.

காயத்தை மறைக்கிறான் என்றால் அவனே சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். மறைப்பதை மெச்சும் உலகம் அது. சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் தற்காப்பு ஆட்டக்காரர் ரோனி லாட் 1985 சீசனில் சுண்டு விரல் நசுங்கி, கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினார். அறுவைச் சிகிச்சை செய்து ஆறும்வரை காத்திருக்க மனமில்லாமல், 1986ல் விரல் நுனியையே வெட்டி எடுக்கச் சொன்னார். புதிதாக வரும் பையன்களுக்கு அந்தக் கதையைப் பெருமையாகத்தான் சொல்வார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவன் ஆகஸ்ட் கடைசி வாரத்தில், காயங்களைக் கவனிக்கும் ட்ரெய்னரிடம் போய் தொடை இழுக்கிறது என்று சொல்வானா?

ஆனால் சொல்லியிருந்தால்தான் அவனுக்கு நல்லது. என்னை விடாமல் உறுத்துவது இந்த இடம்தான். ஆட்டத்தில் காயப்பட்டவனை அணி சும்மா தூக்கி வெளியே போட முடியாது. காயப்பட்டோர் பட்டியலில் வைக்க வேண்டும், இல்லையென்றால் பணம் பேசித் தீர்க்க வேண்டும். பட்டியலில் இருந்தால் சம்பளம் குறையலாம், ஆனால் அந்த வருஷம் கணக்கில் சேரும். சீசனில் 3 ஆட்டங்களுக்காவது பட்டியலில் இருந்தால் ஒரு வருஷம். அப்படி 3 வருஷம் சேர்ந்தால் ஓய்வூதியம் உறுதி, ஆட்டத்தை விட்ட பிறகு 5 வருஷத்துக்கு மருத்துவக் காப்பீடும் உண்டு. அவனுக்கு 2 வருஷம் முடிந்திருந்தது.

வெளியே அனுப்பும்போது ஒரு மருத்துவப் பரிசோதனை உண்டு. எங்காவது வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். வேறு அணி ஏதாவது கூப்பிடும், காயம் என்று எழுதினால் கூப்பிடாது என்பது அவன் கணக்கு. 24 மணி நேரம் மற்ற அணிகள் பார்த்தன, யாரும் எடுக்கவில்லை. அணியோடு பயிற்சி மட்டும் செய்யும் பயிற்சிக் குழுவுக்கும் யாரும் அழைக்கவில்லை. அக்டோபரில் அவனே பணம் கட்டி ஸ்கேன் எடுத்தான். இடது தொடை இடுப்போடு சேரும் இடத்தில் தசை கிழிந்திருந்தது.

அவன் கையெழுத்துப் போட்டது நான் சொன்ன வாக்கியத்தை நம்பியா? அது எனக்குத் தெரியாது. கால் நன்றாக இருக்கிறது என்று எண்களே சொல்கின்றன, இந்த வலி சும்மா வலி என்று நினைத்திருக்கலாம். நான் எதுவுமே சொல்லாமல் இருந்திருந்தாலும் அதே கையெழுத்தைத்தான் போட்டிருப்பான் என்றும் தோன்றுகிறது. நாள் முழுக்க இரண்டும் மாறி மாறித் தோன்றும்.

அவனை ஏன் அணியிலிருந்து நீக்கினார்கள் என்பதையும் என்னிடம் யாரும் சொல்லவில்லை. என் அறிக்கையை வைத்தா, வேறொரு இளைஞன் நன்றாக ஆடினானா, சம்பளக் கணக்கா, தெரியவில்லை. இந்த விளையாட்டில் கார்னருக்குக் காரணம் சொல்வது வழக்கமும் இல்லை. நியூ இங்கிலாந்து அணியின் கார்னர் மால்கம் பட்லரைவிட என்ன உதாரணம் வேண்டும்? புது ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரும் எடுக்காத ஆள். 2015 பிப்ரவரி 1 அன்று, சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலின் கடைசி நிமிஷத்தில், கோல் கோட்டுக்குப் பக்கத்தில், சியாட்டிலின் ரசல் வில்சன் வீசிய பந்தைப் பிடித்து ஆட்டத்தையே தலைகீழாக மாற்றினார். மூன்று வருஷம் கழித்து, சீசன் முழுக்க ஆடிவிட்டு, இன்னொரு சூப்பர் பௌலில் தற்காப்பு ஆட்டத்துக்கு ஒரு முறைகூட அவரை இறக்கவில்லை. பிலடெல்ஃபியா 41–33 என்று ஜெயித்தது. ஏன் உட்கார வைத்தீர்கள் என்று கேட்டவர்களுக்குக் கோச் தெளிவான பதில் எதுவும் தரவில்லை.

பட்லர்தான் அவனுக்கும் தெய்வம். அவனும் டிராஃப்டில் எடுக்கப்படாதவன். லாக்கரில் பட்லர் பந்தைப் பிடிக்கும் படத்தை ஒட்டி வைத்திருந்தான். உட்கார வைத்த கதையைப் பற்றி அவன் பேசிக் கேட்டதில்லை.

ட்ரெய்னரிடம் நான் சொல்லியிருக்கலாம். அவர் அறை என் அறையிலிருந்து நாலு கதவு தள்ளித்தான். இடம், வலம் வித்தியாசம் இருந்தால் உடனே சொல்லுங்கள் என்று முகாமின் முதல் நாளே எங்களிடம் கேட்டிருந்தார். இந்த ஒன்றுக்கு மட்டும் என்னிடம் காரணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, எல்லோருக்கும் வேலை, நாளை சொல்லலாம் என்று நினைத்தேன். திங்கள் வந்தது, போனது.

அவன் போன பிறகு ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து முகாம் வீடியோக்களைப் பார்த்தேன். அதுவரை நான் பார்த்ததெல்லாம் புள்ளிகள். இடப்பக்கம் திரும்பி ஓடிய ஒவ்வொரு முறையும், விசில் ஊதி எல்லோரும் நின்ற பிறகு, அவனுடைய இடது கை ஒரு கணம் தொடையின் உள்பக்கம் போய் அழுத்திவிட்டு வருகிறது. யாராவது பார்ப்பதற்குள் எடுத்துவிடுகிறான். கருவி முதுகில் இருக்கிறது. கை எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது. வலது முழங்கால் ஐஸ் பை அப்போதுதான் உறைத்தது. அந்த முழங்கால் வலி எல்லோருக்கும் தெரிந்த பழைய வலி. தெரிந்த இடத்தில் ஐஸ் வைத்துக்கொண்டு, தெரியாத இடத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். ஒருவேளை அந்தக் கேள்வியை அவன் கேட்டதே, நான் கண்டுபிடித்துவிட்டேனா என்று பார்ப்பதற்காக இருக்குமோ? அப்படியென்றால் மூச்சை விட்டது வேறு காரணத்துக்கு. இந்த யோசனை வந்த நாளில் கொஞ்சம் லேசாக இருந்தது. மறுநாளே, எனக்குச் சௌகரியமான யோசனை என்பதாலேயே அதை நம்ப முடியவில்லை.

அந்தப் பையன் வீடியோவைப் பார்த்தேன். ஒரு முறை முழு வேகத்தில், பிறகு மெதுவாக ஓடவிட்டு, திரும்பும் இடங்களில் நிறுத்தி நிறுத்தி, காகிதத்தில் குறித்துக்கொண்டு. நல்ல பையன், இடுப்பு வெண்ணெய் மாதிரி திரும்புகிறது. கை எங்கேயும் போகவில்லை.

"பிரமாதமாக இருக்கிறான்" என்று எழுதி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "இரண்டு பக்கமும் பார்த்தாயா?"

பையனைப் பற்றி ஒரு கோச் கேட்கிற சாதாரணக் கேள்வியாகவும் இருக்கலாம். வெகுநேரம் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம், இடம் ஆறு முறை, வலம் எட்டு முறை, ஒவ்வொன்றும் எப்படி இருந்தது என்று முழுதாக எழுதி அனுப்பினேன்.