ஏழு ஃபிளாப்பி, ஒரு அவசரக்குடுக்கை

அப்பா 1998-ல் ஊர்க் கோயிலுக்குத் தலவரலாறு எழுதி, கடலூரில் ஒரு டிடிபி சென்டரில் அடிக்கக் கொடுத்தார். கும்பாபிஷேகம் வருவதால் இப்போது மறுபதிப்பு கேட்கிறார்கள். கைவசம் ஒரு பிரதிகூட இல்லை. பீரோவின் அடித்தட்டில் ஏழு ஃபிளாப்பிகள் மட்டும், இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக உப்புக்காற்றைக் குடித்துக்கொண்டு கிடந்தன.

யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஆன்லைனிலேயே கிடைத்தது. பார்சலைப் பிரித்த கையோடு முதல் டிஸ்கைச் செருகினேன். கரகரவென்று சத்தம். ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டது. (அதற்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள்.) சரி, இது போச்சு என்று இரண்டாவதைப் போட்டேன். அதே கரகர. வெளியே எடுத்து உலோக மூடியை நகர்த்தினால், பழுப்புத் தகட்டின் வெளி விளிம்பில் பளபளவென்று ஒரு வளையம்.

ஹார்ட் டிஸ்கில், தகவலைப் படிக்கும் முனையான ஹெட், தட்டைத் தொடாமல் மிதக்கும். ஃபிளாப்பியிலோ உரசிக்கொண்டுதான் படிக்கும், நிமிஷத்துக்கு 300 சுற்று. முதல் டிஸ்கின் பூஞ்சை ஹெட்டில் அப்பிக்கொண்டு, நன்றாக இருந்த இரண்டாவதை அரம்போல் ராவிவிட்டது. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையும் அந்த வெளி விளிம்பில்தான் இருக்கும். மூடியை விலக்கி, பின்பக்க உலோக வட்டை விரலால் மெல்லச் சுற்றி, சாய்வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். பத்து வினாடி வேலை.

பயந்துபோய் பஸ் பிடித்துச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு டேட்டா ரெகவரி கடையில் இருந்த பையன் டிஸ்கை வாங்கி, மூடியைத் திறந்து, பெருவிரலால் ஒரு தேய் தேய்த்து, "வெறும் தூசிதான் சார்" என்றான். பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் பயணத்தில் உருப்படியாக வாங்கியது ஒரு பாட்டில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான். 99 சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பதில் தண்ணீர் கலந்திருக்கும்.

முதலில் டிரைவைக் கழற்றி, இழை உதிராத துணியில் ஆல்கஹாலைத் தொட்டு ஹெட்டைத் துடைத்தேன். மேல் ஹெட்டைத் தூக்காதீர்கள், மெல்லிய தகட்டில் தொங்குவது, வளைந்தால் டிரைவே காலி. துடைத்தபின் போனால் போகட்டும் என்கிற டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பரிசோதிப்பது நல்லது.

மிச்சம் ஐந்தில் மூன்று சுத்தம். இரண்டில் பூஞ்சை. அவற்றையும் முதல் டிஸ்கையும், பிளாஸ்டிக் ஓட்டைப் பிளந்து, உள்ளிருக்கும் தகட்டை மட்டும் வெளியே எடுத்து, டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திர சோப்புத் திரவம் விட்டு அலசி, நிழலில் உலர்த்தினேன். பழைய ஓட்டுக்குள் திருப்பி வைக்கக் கூடாது, உள்துணியிலும் பூஞ்சை இருக்கும். மாற்று ஓடு கொடுத்தவர் எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கும் ஒரு அண்ணன். அவர்கள் இன்னும் ஃபிளாப்பியில்தான் டிசைன் ஏற்றுகிறார்களாம்!

டிஸ்கில் எதுவும் தப்பித்தவறி எழுதிவிடாதபடி மூலையில் உள்ள எழுதுதடைத் துளையைத் திறந்து வைத்துவிட்டு, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை ஓட்டினேன். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, மக்கர் பண்ணும் செக்டர்களுக்கு (டிஸ்கின் சின்னச் சின்னத் துண்டுகள்) அப்புறம் திரும்பி வரும். ஆறு டிஸ்க் வந்துவிட்டது, ஒன்றில் மட்டும் 11 செக்டர் நஷ்டம். எழுத்தெல்லாம் பழைய ஃபான்ட், யூனிகோடுக்கு மாற்ற ஒரு சாயங்காலம் ஆனது.

இரண்டாவது டிஸ்க் வரவில்லை. அதில் இருந்தது கல்வெட்டு அத்தியாயம். அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். கேட்டுவிட்டு, "கல்வெட்டு இன்னும் செவுத்துலதானடா இருக்கு" என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்தார். சனிக்கிழமை நோட்டோடு போகிறோம்.