ஒரே மாதிரி இரண்டு பேனா

"தப்பான பேனாவைப் போட்டுட்டேன் போலிருக்கு" என்று அப்பா வந்து நின்றபோது படுக்கப் போகிற நேரம். அப்பாவுக்குச் சுகர், பேனா வடிவ இன்சுலின் ஊசி இரண்டு வைத்திருக்கிறார். அவர் போட வேண்டியது ஒரு நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் இன்சுலின், 22 யூனிட். போட்டுக்கொண்டதோ சாப்பாட்டுக்கு முன் போடுகிற வேக இன்சுலின். அது கால் மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும், ஒன்று இரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், நாலைந்து மணி நேரம் விடாது. அவர் சாப்பிட்டு வெகுநேரம் ஆகியிருந்தது.

உடனே டாக்டரைக் கூப்பிட்டோம். அவர் சொன்னபடி அப்பாவைச் சாப்பிட வைத்து, விடியும்வரை திரும்பத் திரும்ப சுகர் பார்த்தோம். 70க்குக் கீழே இறங்கியபோதெல்லாம் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. மயக்கம் வந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். நல்லவேளை, அந்த நிலை வரவில்லை.

அப்பா கவனக்குறைவானவர் இல்லை. வருஷக்கணக்காகத் தானே ஊசி போட்டுக்கொள்பவர், அந்தப் பழக்கம்தான் ஆபத்து என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் மனசு எங்கேயோ இருக்கும்போது கை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துவிடுகிறது. "போட்டேனா, இல்லையா?" என்ற குழப்பமும் இதனால்தான். அப்படிச் சந்தேகம் வந்தால் தயவுசெய்து எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு ஊசி போடாதீர்கள், முதலில் சுகரைப் பாருங்கள், டாக்டரைக் கேளுங்கள். இப்போது வேக இன்சுலின் பேனா சாப்பாட்டு மேசையில், மற்றது கட்டில் பக்கத்தில். போட்ட கையோடு நேரத்தையும் யூனிட்டையும் எழுதிவிடுகிறார்.

பேனா இல்லாமல் பாட்டிலும் சிரிஞ்சும் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு அடர்த்தியில் வருகிறது, சிரிஞ்சும் அதற்கேற்ப வேறு. 100 யூனிட் மருந்தை 40க்கான சிரிஞ்சில் 10 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட்! பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள்.

அப்புறம் அதே வாரம் அப்பாவின் மாத்திரைப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தோம். ஒரு அட்டையில் மெட்ஃபார்மின் என்கிற சுகர் மருந்து மட்டும், இன்னொன்றில் வேறொரு மருந்தோடு சேர்ந்த மெட்ஃபார்மின். பெயர் வேறு, நிறம் வேறு என்பதால் இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு மறுநாளே டாக்டரிடம் போனோம், ஒன்றை நிறுத்தச் சொன்னார்.