சிலிண்டர் பரிசோதகர் தேர்வு: கழுத்தை விட்டுவிடாதீர்கள்

ஸ்கூபா சிலிண்டர் (கடலுக்கடியில் நீந்துபவர்கள் மூச்சுவிட முதுகில் மாட்டும் காற்று டாங்க்) பரிசோதகர் தேர்வில் தேறிவிட்டேன். முடிவு வந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன். காரைக்குடியில் இருந்துகொண்டு கடலுக்கடியில் போகும் சாமானைப் பற்றிப் படிக்க முடியுமா என்று பலர் கேட்டார்கள். தாராளமாக முடியும். உலோக அரிமானத்தை ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற ஊர் இது. கொஞ்சம் போனால் தொண்டி, உப்புக்காற்றில் இரும்பு என்ன ஆகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

எழுத்துத் தேர்வுக்கு எண்களை மனப்பாடம் செய்யாதீர்கள், காரணத்தைப் பிடியுங்கள். வழக்கமான அலுமினிய டாங்கின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர்தான். அதற்குள் 200 பார் அழுத்தத்தில் இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் காற்றை அடைக்கிறோம். அத்தனையும் ஒரே நொடியில் வெளியே வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே பாதிக் கேள்விக்கு விடை வந்துவிடும். டாங்குக்குள் தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்ப்பதுதான் ஹைட்ரோ டெஸ்ட். அதற்கு ஏன் தண்ணீர்? அது அவ்வளவாக அமுங்காது, உடைந்தாலும் சீறிப் பாயாது.

நான் படிப்பதைப் பார்த்து அப்பத்தா, “வெறும் காத்துதானப்பா, அதுக்கு என்ன பரீட்சை?” என்றார்கள். அவர்களுக்குப் புரியவைத்தபோதுதான் எனக்கே தெளிவானது. ஸ்டீல் டாங்கில் ஈரம் தங்கினால் துரு பிடிக்கும். துரு உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்னும். மாதக்கணக்கில் மூலையில் கிடந்த டாங்கில் அழுத்தம் இருப்பதாகவே காட்டும், அந்தக் காற்றை மூச்சாக இழுத்தால் மயக்கம் வரும். வருடாவருடம் உள்ளே பார்க்கச் சொல்வது இதனால்தான்.

செய்முறைத் தேர்வில் என்னைக் காப்பாற்றியது கழுத்து மரை, அதாவது டாங்கின் வாயில் வால்வைத் திருகும் மரை. பலர் வெளிக்கீறலிலேயே நேரத்தைக் கரைத்துவிடுகிறார்கள். நீங்கள் கழுத்தில் ஆரம்பியுங்கள். 6351 கலவையில் செய்த பழைய அலுமினிய டாங்குகளில், அழுத்தத்தைத் தாங்கித் தாங்கியே கழுத்தில் வெடிப்பு மெல்ல வளரும். பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டு, விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். மரை வெட்டிய கருவி நின்ற தடமும் வெடிப்பு மாதிரியே தெரியும். அவசரப்படக் கூடாது. நிஜ வெடிப்பு ஒரு மரையோடு நிற்காமல் அடுத்தடுத்த மரைகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும்.

அப்புறம் சில:

- அடியில் மாட்டிய ரப்பர் உறையைக் கழற்றாமல் ‘சரி’ போடாதீர்கள். உப்புத்தண்ணீர் தங்கும் இடமே அதுதான்.
- 6351, 6061 என்ற இரண்டு அலுமினியக் கலவைகளையும் குழப்பக் கூடாது. மேலே சொன்ன கழுத்து வெடிப்பு 6351-இன் சிக்கல்.
- அமெரிக்க விதியில் ஹைட்ரோ 5 ஆண்டுக்கு ஒருமுறை. நிரந்தர விரிவு (அழுத்தத்தை இறக்கிய பிறகும் மீளாமல் நிற்கும் விரிவு) மொத்த விரிவில் 10 சதவீதத்தைத் தாண்டினால் டாங்க் கழிவு.
- நம் நாட்டுக்கு எரிவாயு சிலிண்டர் விதிகள் 2016. தனியாகப் படியுங்கள்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. விடியற்காலையில் வளவில் தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு குறைக்கும் ‘இது ஏன் ஆபத்து?’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நேர்முகத்திலும் அப்படித்தான் கேட்டார்கள்.

வால்வைக் கழற்றும் முன் டாங்க் முழுக்கக் காலி என்று வாயால் சொல்லிவிட்டு, வால்வைத் திறந்தும் காட்டுங்கள். அதைச் செய்யாதவரை மேற்கொண்டு தொடவே விடமாட்டார்கள்.