களிம்பு ஏறிய ஊசிகள்

மார்ச் 4

பாச்சா உருண்டை நெடி இன்னும் கையை விட்டுப் போகவில்லை. இன்று திறந்த டிராயரில் பதினான்கு லார்ஜ் காப்பர் வண்ணத்துப்பூச்சிகள். இங்கிலாந்தின் ஃபென் சதுப்புகளில் பறந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே அற்றுப்போன பூச்சி. 1851-ல் விட்டில்சி ஏரியை வடித்து வயலாக்கினார்கள். அது வாழ்ந்த சதுப்பும் அதோடு போயிற்று.

எங்கே, எப்போது பிடித்தது என்று ஒன்றுக்கும் சீட்டு இல்லை. டிராயர் முழுவதற்கும் ஒரே அட்டை: ‘பிரிட்டிஷ்’. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மார்ச் 5

துணையினங்கள் மூன்று. அழிந்துபோன பிரிட்டிஷ் டிஸ்பார், நெதர்லாந்தின் படாவஸ், ஐரோப்பாவில் பரவலாக இருக்கும் ரூட்டிலஸ். பதிவேட்டைப் புரட்டினேன்: இந்தத் தொகுப்பு இங்கே வந்தது 1902-ல். படாவஸ் கண்ணில் பட்டதே 1915-ல்தான். சரி, ஒன்று கழிந்தது.

ரூட்டிலஸ் சிறியது, பின்னிறக்கையின் அடிப்பக்கத்தில் ஓடும் ஆரஞ்சுப் பட்டையும் ஒடுக்கம். வெளிச்சம் பட்டு வெளுத்த பூச்சியில் நிறத்தை நம்பக் கூடாது, அதனால் பட்டையின் அகலத்தைத்தான் அளந்தேன்.

மார்ச் 9

இன்று முழுக்க ஏழாம் எண் பூச்சியோடுதான் போராட்டம்.

அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் குட்டை ஊசியில் பூச்சியை அட்டைக்கு ஒட்டினாற்போலத் தாழ்த்திக் குத்துவார்கள். இறக்கைகள் ஓட்டுக்கூரை மாதிரி இருபுறமும் சரிந்திருக்கும். ஐரோப்பாவில் நீள ஊசி, உயரத்தில் தட்டையாக விரித்த இறக்கை. ஏழாம் எண் ஆங்கிலேயப் பாணியில்தான் இருக்கிறது. ஆனால் முன்னிறக்கை 17 மில்லிமீட்டர்தான். பக்கத்தில் இருப்பவை 21. பட்டையும் ஒடுக்கம்.

லென்ஸை வைத்து மார்பைப் பார்த்தேன். பித்தளை ஊசியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு மயிர் மயிராகப் பூத்திருந்தது. அதை ஒட்டி, மயிரிழை தள்ளி, இன்னொரு துளை! காலியான பழைய துளை. ஈரத்தில் வைத்து இளக்கி, நீள ஊசியைப் பிடுங்கி, குட்டை ஊசி குத்தி, இறக்கையைச் சரித்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் பூச்சி என்றால் விலை பல மடங்கு. வெளிநாட்டுப் பூச்சியை இப்படி மாற்றி விற்ற வியாபாரிகள் அப்போது இருந்தார்கள். இரண்டாம் எண்ணிலும் பதினொன்றாம் எண்ணிலும் அதே துளை.

மார்ச் 12

மூன்றுக்கும் ‘ரூட்டிலஸ், இடம் தெரியாது’ என்று எழுதிக் குத்தினேன். ‘பிரிட்டிஷ்’ அட்டையை எடுக்கவில்லை. பொய்ச் சீட்டாக இருந்தாலும் பழையதை எறியக் கூடாது.

மீதிப் பதினொன்று டிஸ்பாராக இருக்கலாம். என் மனசு ஆம் என்கிறது. கேள்விக்குறி போட்டுத்தான் எழுதினேன்.

அப்புறம், டிராயர் ஓரத்துக் காகிதத்தடியில் நகமளவு சீட்டு ஒன்று கிடைத்தது. பென்சிலில் ‘யாக்ஸ்லி’. லார்ஜ் காப்பருக்குப் பேர்போன ஃபென். ஊசித் துளையும் இருக்கிறது, ஆனால் எந்தப் பூச்சியிலிருந்து கழன்றது என்று சொல்ல வழியில்லை. பதினொன்றின் ஊசிகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். கடைசியில் தனி ஊசியில் குத்தி, வலது மூலையில் நிறுத்திவிட்டு வந்தேன்.