ட்ரியர் நகரில் புனித மத்தியா கல்லறை

மத்தேயு வேறு, மத்தியா வேறு. வரி தண்டிய மத்தேயுவின் கல்லறை இத்தாலியின் சலேர்னோவில் இருக்கிறது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் இடத்துக்குத் திருத்தூதராக வந்த மத்தியாவைத் தேடுகிறவர்கள் ஜெர்மனியின் ட்ரியருக்குத்தான் போக வேண்டும். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே திருத்தூதர் கல்லறை என்று வணங்கப்படுவது இது ஒன்றுதான்.

கோப்ளென்ஸிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். லக்சம்பர்க்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பலர் நேரே பேராலயத்துக்குப் போய், அங்கே மத்தியாவைக் காணாமல் திகைக்கிறார்கள். பேராலயத்தில் இருப்பது ஆண்டவர் இயேசு அணிந்ததாக வணங்கப்படும் மேலாடை; அதுவும் பூட்டிய பேழைக்குள். கடைசியாகப் பொதுவில் காட்டியது 2012-இல். மத்தியா ஆலயம் நகரின் தெற்கே, பெனடிக்ட் சபைத் துறவியர் மடத்தோடு சேர்ந்திருக்கிறது. போர்ட்டா நீக்ரா என்னும் ரோமானியக் கோட்டைவாசலிலிருந்து சுமார் 3 கி.மீ.; நடந்தே போகலாம்.

நாள் பார்த்துப் போகிறவர்கள் கவனிக்க: நம் கத்தோலிக்க வழிபாட்டு நாட்காட்டியில் அவர் திருநாள் மே 14. தவக்காலத்தில் விழாமலும் விண்ணேற்றப் பெருவிழாவை ஒட்டியும் வரட்டும் என்று 1969-இல் மாற்றினார்கள். ஜெர்மனியில் இன்றும் பழைய பிப்ரவரி 24-தான். ஆனால் கீழ் ரைன் பகுதியிலிருந்து மத்தியா சபையினர் (அவர் பெயரிலான பக்தர் குழுக்கள்) பல நாள் நடந்து வந்து சேர்வது விண்ணேற்றத்துக்கும் பெந்தகோஸ்துக்கும் இடைப்பட்ட நாட்களில். நம்பிக்கையின் கால்வலியைப் பார்க்க விரும்பினால் அப்போது போங்கள்.

ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் தாய் அரசி ஹெலெனா, ட்ரியர் ஆயர் அக்ரீசியுஸ் வழியாக மத்தியாவின் அருளிக்கத்தை (உடலின் எச்சத்தை) அனுப்பினார் என்பது மரபு. வரலாற்றில் உறுதியாகத் தெரிவது, பழைய ஆலயத்தை இடித்துக் கட்டியபோது 1127-இல் அது வெளிப்பட்டதாக அறிவிக்கப்பட்டதும், 1148-இல் திருத்தந்தை மூன்றாம் யூஜின் புதிய ஆலயத்தை அருள்பொழிவு செய்ததும். ரோமையும் பதுவாவும்கூட அவர் அருளிக்கம் தங்களிடம் இருப்பதாகச் சொல்கின்றன. உள்ளே, படுத்த நிலையில் மத்தியாவின் சிலை. கீழ்த்தள அறைக்கும் இறங்குங்கள். ட்ரியரின் முதல் ஆயர்கள் யூக்காரியுஸ், வலேரியுஸ் இருவரின் கற்பேழைகள் அங்கே உள்ளன. சிலைகளில் மத்தியாவை அடையாளம் காட்டுவது கோடரி.

கல்லறைமுன் திருத்தூதர் பணிகள் 1:15-26 வாசியுங்கள். மறைநூலில் அவரைப் பற்றி இருப்பது இவ்வளவே. ஆனால் எவ்வளவு செறிவு! சுமார் 120 பேர் கூடியிருக்கிறார்கள். பேதுரு முதலில் தகுதியைச் சொல்கிறார்: யோவானின் திருமுழுக்கிலிருந்து விண்ணேற்றம்வரை கூடவே இருந்தவராக வேண்டும். பிறகு இருவரை நிறுத்துகிறார்கள், மன்றாடுகிறார்கள், அதன் பிறகே சீட்டுப் போடுகிறார்கள்; அது மத்தியாவின் பெயருக்கு விழுகிறது. சீட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அந்த மூன்று ஆண்டு உடனிருப்பை மறந்துவிடுகிறோம். பெந்தகோஸ்துக்குப் பிறகு அந்நூலில் யாரையும் சீட்டுப்போட்டுத் தேர்ந்ததாக இல்லை. திருத்தூதர் யாக்கோபு கொல்லப்பட்டபோதும் (12:2) அவர் இடத்தை நிரப்பவில்லை. யூதாசின் இடம் காலியானது சாவினால் மட்டுமல்ல, காட்டிக்கொடுத்ததால்.

வாசிக்கையில் 23-ஆம் வசனத்தை வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். நிறுத்தப்பட்ட இருவரில் மற்றவரான, பர்சபா எனப்பட்ட யோசேப்பு அங்கே நிற்கிறார். அவரும் தொடக்கம் முதல் கூடவே நடந்தவர். சீட்டு அவர் பெயருக்கு விழவில்லை, அவ்வளவுதான். அவருக்காகவும் ஒரு செபம் சொல்லுங்கள்.