பெலிக்காட் தேடிப் பழவேற்காடு

பினாங்கிலிருந்து மாமா வரும்போதெல்லாம் ஒரு கட்டம் போட்ட கைலி கொண்டுவருவார். அதை அங்கே ‘காயின் பெலிக்காட்’ என்பார்களாம். பெலிக்காட் என்றால் நம்ம பழவேற்காடுதான் என்று ரொம்பப் பிந்தித்தான் எனக்குத் தெரிந்தது. பொன்னேரியில் இறங்கி அடுத்த பஸ் பிடித்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். இத்தனை வருஷம் சென்னையில் இருந்துகொண்டு எட்டிப் பார்க்கவில்லை.

டச்சுக்காரர்கள் இந்த ஊருக்கு வந்ததே துணிக்காகத்தான். அவர்களுக்கு வேண்டியது கிழக்குத் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும். அங்குள்ளவர்களோ சோழமண்டலக் கரைத் துணியைத்தான் விரும்பிக் கேட்டார்கள். அதனால் இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, வாசனைச் சரக்கை ஏற்றினார்கள். 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை இந்தக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைநகர். துணி ஏறிய கப்பல்களில் மனிதர்களும் ஏறினார்கள், பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாக.

கோட்டை எங்கே என்று கேட்டதற்கு, டீக்கடைக்காரர் “இதோ, இந்த முள்ளுக்காடுதான் சார்” என்று கையைக் காட்டினார். சீமைக்கருவேலம் மண்டிய மேடு, ஓரத்தில் அகழியின் மிச்சம். அவ்வளவுதான்.

கல்லறைத் தோட்டம் அப்படி ஏமாற்றவில்லை. வாசலுக்கு இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல். ஒன்றின் தலைமேல் மணற்கடிகாரம். உள்ளே பெரிய பெரிய கற்பலகைகளில் டச்சு எழுத்து, குலச்சின்னம். ஒரு பலகையில் விரல் வைத்துத் தடவிப் பார்த்தேன். முந்நூறு வருஷத்துக்கு மேல் உப்புக்காற்று பட்டும் எழுத்தின் விளிம்பு இன்னும் கூர்மையாகவே இருந்தது. பக்கத்தில் ஓர் ஆடு சாவகாசமாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

ஏரியை மதியத்துக்கு மேல்தான் பார்த்தேன். உப்பங்கழிகளில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டிலேயே பெரியது இது. பூநாரை பார்க்க ஆசைப்பட்டால் மார்கழி, தையில் போங்கள். நான் போனது சித்திரை வெயிலில், புத்தி! ஆனால் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்ன ஒன்று பறவைகளுக்கு ஈடாக அமைந்தது. இறால் பிடிக்கும் இடங்களை மீனவர்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவர் நாளைக்கு இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்குப் ‘பாடு’ என்று பெயர். “எங்க தாத்தா காலத்துக்கும் முந்தி” என்றார்.

திரும்பும் வழியில், பனையோலைப் பெட்டி ஒன்று வாங்கினேன். இங்குள்ள முஸ்லிம் பெண்களின் கைவேலை. சாயம் தோய்த்த ஓலையில் பச்சையும் சிவப்பும் மாறி மாறி வரும் கட்டம், கைலியிலே இருக்கிற மாதிரியே.

கடைசியாக, வந்த காரியம். கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் ஏறி, “இந்த ஊர்க் கைலி இருக்கா பாய்?” என்று கேட்டேன். அவர் ஒரு கட்டை எடுத்துப் போட்டு, “எல்லாம் நல்ல சரக்கு தம்பி, குடியாத்தம்” என்றார். இரண்டு வாங்கிக்கொண்டேன்.